இருபத்தாறு அங்குலம்

கண்ணாடி மேஜைமேல் பச்சைக் கம்பளி விரித்து
இரண்டையும் கிடத்தினார் தாவூத்.
ஒன்று மெலிந்தது, இருபத்திரண்டு அங்குலம்,
வாயருகே சுண்டுவிரல் பருமன்.
மற்றது இருபத்தாறு,
தோகை உரித்த கரும்புபோல்
அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமன்.

"மேட்டுல ஏறி எறங்கணும்னா இதுங்க.
படுத்துக்கிட்டே சுடறதுன்னா அதுங்க.
ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு குடுன்னு கேக்காதீங்க அம்மிணி,
அப்படி ஒண்ணை இன்னும் எவனும் கடையலை."
செவ்வாய்ப்பேட்டையில் பக்கத்துப் பட்டறை
கொலுசுக்கு மெருகேற்றி அலறியதில்
விலை மட்டும் காதில் விழவில்லை.

தம்பி சேவியர் நாகலூரிலிருந்து சொல்லியிருந்தான்:
மெல்லிசா வாங்கு.
தோளில் கிடந்தால் தெரியக் கூடாது.
மிளகுக்கொடிக்கு நடுவே நுழைகையில்
சில்வர் ஓக்கில் இடிக்கக் கூடாது.
வேட்டை சட்டப்படி செத்து ஐம்பது வருஷமாச்சு,
அவன் மட்டும் இன்னும் காரியம் செய்து முடிக்கவில்லை.

அவன் கணக்கிலும் பிழையில்லை.
பன்றி நின்று தருவது ஒரு மூச்சு.
முதல் தோட்டாதான் தோட்டா,
அடுத்தது வெறும் சத்தம்.
முதல் தோட்டாவுக்கு
மெலிந்த குழல் பொய் சொல்லாது.

எனக்கு அறுபது தோட்டா.
கன்னங்குறிச்சிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை,
பாயில் குப்புறக் கிடந்து,
நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு சாந்துப்பொட்டு.
பன்னிரண்டாவதில் பழைய குழலுக்குச் சூடேறும்.
பொட்டைவிட்டு மெல்ல மேலே நகரும்,
இருபதாவதில் வலது ஓரம்.
இரண்டு வருஷம்
என் மூச்சைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மெலிந்ததை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
ஆறு வரிகள் முறுக்கிக்கொண்டு ஓடின,
பாகற்கொடியின் பற்றுக்கம்பி மாதிரி.
வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம்,
பாதி வழியில் ஒன்று லேசாக நசுங்கியிருந்தது.
காட்டினேன்.
"பன்னிக்கு அது தெரியாதுங்க" என்றார்.

தடித்ததில் ஈயக் குண்டு ஒன்றை வைத்து
பித்தளைக் கம்பியால் தள்ளச் சொன்னார்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒரே இறுக்கம், ஒரே இறுக்கம்,
கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும்
இம்மி கூடுதலாய்,
வழியனுப்ப வந்தவர் கையை விடாததுபோல.

லைசென்ஸ் புத்தகத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தார்.
போர்வையில் சுற்றி
ஏற்காடு பஸ்ஸில் மடிக்குக் குறுக்கே வைத்தேன்.
"என்னங்க அது?"
"குழல்."
"நாதஸ்வரமா?"
"இது ஊதற குழல் இல்ல."
யோசித்து, லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
பதினாலாவது வளைவில் பனி உள்ளே வந்தது.
டிக்கெட்டைச் சுருட்டி அதன் வாயில் அடைத்தேன்.

பதினேழாவதில் பஸ் நின்றது.
ரோட்டில் காட்டெருமை,
வெள்ளைக் காலுறையோடு நாலு கால்கள்.
டிரைவர் விளக்கைத் தணித்தார்.
யாரோ குழந்தையின் வாயைப் பொத்தினார்கள்.
என் மூச்சு தானாகப் பாதியில் நின்றது,
பழக்கம்.
மடியில் இருந்ததோ வெறும் இரும்பு,
விசையில்லை, கட்டையில்லை, தோட்டாவில்லை.
அது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு
காப்பிக்குள் இறங்கியது.
எவ்வளவு நேரம் நின்றதென்று கேட்டால்
ஒன்பது தோட்டா நேரம் என்பேன்.

சேவியர் ஒன்றும் பேசாமல் வாங்கி
மிளகுத் தராசில் வைத்தான்.
இரண்டு கிலோ எழுநூறு.
"இதைத் தூக்கிட்டு எந்தக் காட்டுக்குப் போவ?"
"போகமாட்டேன்."

பல்புக்கு நேரே தூக்கிக் கண் வைத்தான்.
இருட்டாயிருக்கிறதென்று
டிக்கெட்டை உருவினான்.
மறுபடியும் வைத்தான்.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
நான்தான் ஓடிப்போய் இறக்கினேன்.
அவன் இன்னும் கண்ணை எடுக்கவில்லை.